கோச் எதைத் தடுப்பார், எதை விட்டுவிடுவார்

அமெரிக்கக் கல்லூரி ஃபிரட்டர்னிட்டி (மாணவர்கள் ஒரே வீட்டில் கூடித் தங்கும் சங்கம்) என்றாலே நம் ஆட்களுக்குச் சினிமாவில் பார்த்த பீர் பீப்பாயும் விடிய விடியக் கூத்தும்தான் நினைவுக்கு வரும். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓரளவு ஒழுங்காக நடக்கிற வீடு என்றால், அதற்குப் பின்னால் ஒரு பைசா சம்பளம் வாங்காத பெரியவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். சாப்டர் அட்வைஸர், அதாவது அந்தக் கிளையின் ஆலோசகர் என்பார்கள். அநேகமாக அதே சங்கத்தின் பழைய மாணவர். எங்கள் வீட்டுக்கு முப்பது வருடத்துக்கும் மேலாக அட்வைஸராக இருந்தவர் இந்தக் குளிர்காலத்தில் காலமானார்.

பெயர் சொல்லவில்லை. விளம்பரம் பிடிக்காத மனுஷர், குடும்பமும் அப்படித்தான். எங்கள் எல்லோருக்கும் அவர் கோச். ஒஹையோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், பள்ளி விட்டதும் மல்யுத்தப் பயிற்சியாளர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஹாஸ்டல் வார்டனாக இருப்பவர்கள், பழைய மாணவர் சங்கம் நடத்துபவர்கள், பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரளும் பெற்றோர், இவர்களுக்கு அவரிடம் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. இரங்கலோடு நிறுத்தாமல் இதை எழுதுவது அதனால்தான்.

பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள்தான் இவை. முதலாவது, 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா. அது பிற்பாடு படிப்பில் முன்னிற்பவர்களுக்கான கௌரவச் சங்கமாகிவிட்டது. கூடித் தங்கி, கூடிச் சாப்பிட்டு, வாழ்நாள் முழுக்க 'பிரதர்' என்று அழைத்துக்கொள்ளும் வகைச் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெருகின. அதில் ஒஹையோவுக்குத் தனி இடம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் இருக்கிற மயாமி பல்கலைக்கழகத்தில் (பெயரைப் பார்த்து ஃபுளோரிடா என்று நினைத்துவிடாதீர்கள்) பீட்டா தீட்டா பை 1839இலும், ஃபை டெல்டா தீட்டா 1848இலும், சிக்மா கை 1855இலும் தொடங்கின. மூன்றும் இன்றைக்கு அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பி நிற்கின்றன.

கோச் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதுப் பையன்களை ஒரு வேனில் ஏற்றி அந்த ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கூட்டிப்போவார். வரலாற்றுப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு மெதுவாக நடப்பார். யார் யாரோடு சேர்ந்து நடக்கிறான், யார் எல்லோரையும் சிரிக்க வைக்கிறான், யார் ஃபோனைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு தனியாகப் பின்தங்கி வருகிறான் என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது பின்தங்கி வந்தவனுக்கு முன் சீட்டு. அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் அவனுடைய அப்பாவின் வேலை, வீட்டு நாயின் பெயர் வரைக்கும் தெரிந்துகொண்டுவிடுவார். நான் சேர்ந்த வருடம் அந்த முன் சீட்டு எனக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் நாய் இல்லை. அதனால் தாமிரபரணியைப் பற்றிப் பேசினோம்.

நான் 2008இல் திருநெல்வேலியிலிருந்து உதவித்தொகையில் பொறியியல் படிக்கப் போனவன். ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்ததற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. லேபில் கூட இருந்த சீனியர் ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டான். அந்த வீட்டில் சமையல்காரம்மா இருந்தார், கல்லூரி மெஸ்ஸைவிட நன்றாக இருந்தது. சேரச் சொல்லி அழைப்பு வந்ததும் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "ராகிங் உண்டா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு ராகிங்கில் கொலையானது எங்கள் அம்மா தலைமுறையின் மனதை விட்டுப் போகவே இல்லை. அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. நான் அப்போது சின்னப் பையன். ஆனாலும் ஹாஸ்டல் என்ற பேச்சு வந்தாலே வீட்டில் அந்தப் பெயர் வந்துவிடும்.

அம்மாவின் கேள்வியை அப்படியே கோச்சிடம் கேட்டேன். அமெரிக்காவில் அதற்கு ஹேசிங் என்று பெயர். "எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது" என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் சொன்னது வேறு. "ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தன் ஆரம்பிக்கப் பார்ப்பான். நான் உயிரோடு இருக்கிறவரை நடக்காது. ராத்திரி எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடு." சொல்லிவிட்டு, நாவரசுவைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்பது அடுத்த இலையுதிர் காலத்தில்தான் தெரிந்தது. புதுப் பையன்கள் சேரும் முதல் இரவில் விளக்கைக்கூட அணைக்காமல், எந்தச் சடங்கும் இல்லாமல், வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் சில பெயர்களை வாசிப்பார். பெயர், கல்லூரி, வருடம், வயது. எல்லாம் இந்த மாதிரிக் கூத்துகளில் செத்துப்போன மாணவர்கள். அந்தப் பட்டியலில் நாவரசுவும் இருந்தார். உச்சரிப்பு என்னமோ போலத்தான் இருந்தது, நான் திருத்தப் போகவில்லை. வாசித்து முடித்ததும் சீனியர்கள் பக்கம் திரும்பி, "இந்த நோட்டில் இந்த வீட்டு முகவரி வரக் கூடாது" என்பார். அவ்வளவுதான். பீட்ஸா வந்துவிடும்.

இனி அவருடைய வழிமுறைக்கு வருகிறேன். அட்வைஸருக்குச் சாப்டரில் ஓட்டு கிடையாது. தலைவர், பொருளாளர், செயலாளர் எல்லாம் இருபது வயசுப் பையன்கள். அவர்கள்தான் கூட்டம் நடத்தி, பட்ஜெட் போட்டு, உறுப்பினரைச் சேர்த்து, விலக்கி, எல்லாம் செய்ய வேண்டும். வீடு இருப்பது பழைய மாணவர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் பெயரில். மேலே தேசியத் தலைமையகம், பக்கத்தில் பல்கலைக்கழக நிர்வாகம். இத்தனைக்கும் நடுவே அட்வைஸரின் கையில் இருப்பது அவர் மேல் மற்றவர்கள் வைத்திருக்கிற மரியாதை மட்டும்தான். இந்த நிலைமையில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துப் பையன்களைப் பொம்மையாக்குவார்கள், இல்லையென்றால் வருடத்துக்கு ஒரு முறை டை கட்டிக்கொண்டு வந்து போட்டோவுக்கு நிற்பார்கள்.

கோச் திங்கட்கிழமை தவறாமல் வருவார். கூட்டம் ராபர்ட் விதிமுறைப்படி நடக்கும். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவ அதிகாரி 1876இல் எழுதிய கூட்ட நடைமுறைப் புத்தகம் அது. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்தால்தான் விவாதமே தொடங்கும். வாங்கப்போவது ஒரு பில்லியர்ட்ஸ் மேஜைத் துணியாக இருந்தாலும் இதே கதைதான். எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது. கோச் கடைசி வரிசையில் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். கூட்டம் எவ்வளவு கண்றாவியாகப் போனாலும் வாயைத் திறக்க மாட்டார். யாராவது திரும்பி, "கோச், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், "எனக்கு ஓட்டு இல்லையே" என்பார்.

ஆனால் எல்லாம் முடிந்து கிளம்பும்போது தலைவனை மட்டும் கார் வரைக்கும் கூட வரச் சொல்வார். பேச்சு அங்கேதான். கார்க் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விஷயம் சொல்வார். "மூலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் மூன்று முறை கையைத் தூக்கினான். நீ பார்க்கவில்லை." அவ்வளவுதான், கிளம்பிவிடுவார். ஒரு கூட்டத்தில் பத்துத் தவறு நடந்திருக்கும். ஒன்றைத்தான் எடுப்பார். தனியாகச் சொல்வார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நான் இப்போது அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்துகிறேன். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் பத்துப் புள்ளி எழுதிக் காட்டித் திருத்துகிற மேலாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திறந்த கார்க் கதவு நினைவுக்கு வரும். பத்தில் ஒன்பதை விழுங்கிக்கொள்வது சும்மா வருவதில்லை, அதற்குப் பெரிய பொறுமை வேண்டும்.

இரண்டாவது, பணம். என் இரண்டாம் வருடத்தில் பையன்கள் டிசம்பரில் சின்சினாட்டி ஹோட்டல் ஒன்றில் பெரிய விருந்து வைக்க முடிவு செய்தார்கள். பேண்டு வாத்தியம், பஸ், எல்லாம். கூட்டத்துக்கு முன்னால் பொருளாளரிடம் கோச் கேட்டது ஒன்றே ஒன்று. "ஜனவரி கேஸ் பில்லுக்கான பணம் எங்கே இருக்கிறது?" அவன் பார்த்துக்கொள்ளலாம் என்றான். சரி என்று விட்டுவிட்டார். தீர்மானம் ஏகோபித்து நிறைவேறியது. விருந்தும் பிரமாதமாக நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

ஜனவரியில் ஒஹையோ என்றால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பிடிக்கும். எங்களுடையது நூறு வருடம் தாண்டிய வீடு, காற்று எங்கெங்கிருந்தோ வரும். வீட்டைச் சூடாக்குவதே கேஸ்தான், அந்தப் பில்லைக் கட்டக் காசில்லை. கோச் நினைத்திருந்தால் பழைய மாணவர் நாலு பேருக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரத்தில் பணம் புரட்டியிருப்பார். செய்யவில்லை. வந்தார், தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தார். நம் கணக்கில் 13 டிகிரி. "இதற்குக் கீழே போனால் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அதை நான் விடமாட்டேன். இதற்கு மேலே வைக்க வேண்டுமானால் பணம் கொண்டு வாருங்கள்" என்றார். அப்புறம் ஒரு தடி கோட்டைப் போட்டுக்கொண்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்தைத் தொடர்ந்தார். அந்த மாதம் முழுக்க எங்களோடு அவரும் குளிரில் உட்கார்ந்திருந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்ற வாக்கியம் மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

பையன்கள் பனி வாரப் போனார்கள், தெருவில் வீடு வீடாகக் கேட்டு. பிப்ரவரி நடுவில் பில் கட்டியாயிற்று. அந்த வசந்தத்தில் கொண்டுவந்த தீர்மானம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: செப்டம்பரில் சந்தா வந்ததும் முதல் வேலையாகக் குளிர்காலக் கேஸ் பணம் தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும், அதை எடுக்க மூன்று கையெழுத்து. அவர் சொல்லி எழுதிய விதியாக இருந்திருந்தால் அடுத்த வருடமே யாராவது திருத்தம் கொண்டுவந்திருப்பார்கள். குளிரில் நடுங்கியவர்களே எழுதியதால் நிற்கிறது.

கோச்சைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். காசில் செய்கிற தப்பு, கூட்டத்தில் செய்கிற தப்பு, தவறான ஆளைத் தலைவனாக்குகிற தப்பு, இவற்றையெல்லாம் கண்முன்னே நடக்க விடுவார். குழாய் வெடிக்கிற தப்புக்குப் பக்கத்தில் போனால் மட்டும் ஓட்டு, விதிமுறை எதையும் பார்க்க மாட்டார், குறுக்கே வந்து நிற்பார். எது எந்த வகை என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பையன் முடி வளர்ப்பதற்குச் சண்டை போடுவோம், அவன் ஹெல்மெட் இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

குறுக்கே நிற்கிற கோச்சைப் பார்த்தது 2017இல். நான் படிப்பு முடித்து கொலம்பஸில் வேலையில் இருந்தேன். பழைய மாணவர்கள் கொஞ்சம் பேரை ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். அந்த பிப்ரவரியில்தான் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபிரட்டர்னிட்டி வீடு ஒன்றில் டிமோதி பியாட்ஸா என்ற 19 வயது மாணவன் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்து, இறந்துபோனான். விழுந்த பிறகு கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விட்டிருந்தார்கள்.

கோச் உரையாற்றவில்லை. எழுபது தாண்டிய அந்தக் கனத்த உடம்பைக் கூடத்துக் கம்பளத்தில் கிடத்தி, மல்லாந்து படுத்துக்கொண்டார். "எனக்கு நினைவில்லை. என்ன செய்வாய்?" என்று முதல் பையனைப் பார்த்தார். அவன் சிரித்தான். கோச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவனாக முழங்காலிட்டு அவரைத் திருப்பிப் பழக வேண்டியிருந்தது. உன் பக்கத்தில் இருக்கிற கையை வெளியே நீட்டி வை. உனக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்கிற கையை எடுத்து மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கையைக் கன்னத்தில் அணை. அதே எதிர்ப் பக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உன் பக்கம் இழு. உடம்பு தானாக உருண்டு ஒருக்களித்து வரும். தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து வாயைக் கீழ்நோக்கி வை, வாந்தி வந்தால் வெளியே போகட்டும். ஒல்லியான பையன்கள்கூட அந்த மல்யுத்தக்காரரை முழங்காலைப் பிடித்து ஒரே இழுப்பில் உருட்டியது அவர்களுக்கே ஆச்சரியம்.

படுத்தபடியே மீதியையும் சொல்லிக்கொடுத்தார். கடைசி மடக்கு உள்ளே போன பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் 'தூங்கட்டும்' என்பதுதான் ஆபத்து. தட்டி எழுப்பியும் எழவில்லை, உதடோ நகமோ நீலம் பாரித்திருக்கிறது, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்து விநாடி இடைவெளி. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 911. ஒருக்களித்துப் போடுவது ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும்தான், அதற்குப் பதிலாக இல்லை. கூப்பிட்டவன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. "போலீஸ் வந்தால்?" என்று ஒருவன் கேட்டான். அமெரிக்காவில் குடிக்கச் சட்டப்படி 21 வயசாக வேண்டும், வீட்டில் பாதிப் பேர் அதற்குக் கீழே. உதவிக்குக் கூப்பிட்ட மாணவனைத் தண்டிக்காமல் விடுகிற விதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது என்று விளக்கிவிட்டு, "இல்லாவிட்டாலும் கூப்பிடு. வக்கீல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். சவப்பெட்டிச் செலவை என்னால் பார்க்க முடியாது" என்றார்.

விருந்து நாட்களில், கல்யாண வீட்டில் சமையல்கட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கிற பெரியப்பா மாதிரி, வீட்டின் சமையலறையில்தான் இருப்பார். ஆட்டம் பாட்டம் நடக்கிற பக்கம் வரமாட்டார். குடிக்காமல் காவல் இருக்கிற நாலு உறுப்பினர்கள் முறைவைத்து அவரிடம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் குடிப்பது சாக்கு. அவன் நிஜமாகவே குடிக்காமல் இருக்கிறானா என்று அருகில் பார்க்கத்தான். ஃபிரட்டர்னிட்டிகளின் வட அமெரிக்கக் கூட்டமைப்பு 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை வீடுகளில் தடுக்க 2018இல் முடிவெடுத்து, 2019 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கோச் அதைப் பல வருடம் முன்னாலேயே எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் அமல்படுத்தியிருந்தார். விஸ்கி பாட்டில் கண்ணில் பட்டால் பேசாமல் சிங்க்கில் கவிழ்த்துவிடுவார். யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜாக்கெட் பையில் எப்போதும் ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு கிடக்கும். புகை எச்சரிக்கைக் கருவிக்காக. சிகரெட் பிடிக்கவோ, சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்றோ பையன்கள் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அவர் வரும்போதெல்லாம் ஒரு அறைக்குள் புகுந்து, நாற்காலி மேல் ஏறிப் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். 1996 மே 12, அமெரிக்காவில் அன்னையர் தினம், சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாள். அன்று அதிகாலை அங்கே ஒரு ஃபிரட்டர்னிட்டி வீடு தீப்பிடித்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். தண்ணீர் தெளிப்பான் இல்லாத வீடு. அதன் பிறகே அந்த ஊரில் அதைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வீட்டுக்குத் தெளிப்பான் போட வைக்கக் கோச் பழைய மாணவர்களிடம் பட்ட பாடு தனிக் கதை. பில்லியர்ட்ஸ் அறைக்குப் பெயர்ப்பலகை வைத்து நன்கொடை தர ஆள் வரும், கூரைக்குள் ஓடுகிற குழாய்க்குப் பணம் தர யார் வருவார்? கடைசியில் ஒவ்வொரு தெளிப்பான் முனைக்கும் ஒருவர் என்று விற்றார். என் பங்கு மாடியில் குளியலறைக்கு வெளியே இருக்கிறது.

இதைப் படிக்கிற பெற்றோர் சிலர், இத்தனை ஆபத்து இருக்கும்போது எதற்கு அந்தப் பக்கமே போக வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சேராமல் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்கிறார்கள். ஆஸ்டினில் 1998இல் தொடங்கிய டெல்டா எப்சிலான் ஸை போலத் தெற்காசிய மாணவர்களே உருவாக்கிய சங்கங்களும் உண்டு. பெண்களுக்குச் சொராரிட்டி. கமலா ஹாரிஸ் ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908இல் தொடங்கியது. அந்தத் தொடர்பு அவருடைய அரசியல் வாழ்க்கை முழுக்கக் கூட வந்ததை உலகமே பார்த்தது. வேண்டாம் என்று சொல்வதைவிட, விசாரித்துச் சேர் என்று சொல்வது நடக்கக்கூடியது.

என்ன விசாரிப்பது? அட்வைஸர் யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு வருகிறார் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். உறுப்பினர்களுக்கே பதில் தெரியவில்லை என்றால் அந்த வீடு வேண்டாம். பல்கலைக்கழகத்தின் ஹேசிங் அறிக்கையைப் பாருங்கள். 2024 டிசம்பரில் சட்டமான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் ஆக்ட்படி, விதிமீறிய சங்கங்களின் பெயரோடு அதை வெளியிட்டு, வருடத்துக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். ஒஹையோவில் 2021இல் வந்த காலின் சட்டப்படி, கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்துப் பெரிய தீங்கு நேர்ந்தால் அது கடும் குற்ற வழக்கு. சந்தா எவ்வளவு, எதற்கெல்லாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதியவனாக இருக்கிற காலம் எத்தனை வாரம், அதில் 'வெளியே சொல்லக் கூடாது' என்கிற ராத்திரிகள் உண்டா என்றும் கேளுங்கள். ரகசியச் சடங்கு எல்லாச் சங்கத்திலும் இருக்கும், அதில் தப்பில்லை. அம்மாவிடம் எங்கே இருக்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாத ராத்திரி என்றால்தான் சிக்கல். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இன்னொன்று: குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய முடியும். இதைக் கோச் எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். வெளிநாட்டுப் பையன்களின் கையில் ஒரு டாக்ஸி நம்பரை எழுதிக் கொடுத்து, மாதக் கடைசியில் அதற்கான காசையும் அவரே கொடுப்பார்.

இறுதிச் சடங்குக்கு முதல் நாள் மாலை பார்வைக்கு வைத்திருந்தார்கள். வரிசை கட்டடத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடம் வரைக்கும் நீண்டது. பாதிப் பேர் பழைய மல்யுத்தக்காரர்கள், நசுங்கித் தடித்த காதைப் பார்த்தாலே தெரியும். மறுநாள் சர்ச் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்குக் கேசரோலும். அங்கே தலைமுறை தலைமுறையாக முன்னாள் பொருளாளர்கள் கூடி, யார் காலத்தில் கேஸ் பில் அதிகம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கோச் இருந்திருந்தால் முன்மொழிவு எங்கே, வழிமொழிபவர் யார் என்று கேட்டிருப்பார்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் பொய். ரொம்ப நாள் இருந்துவிட்டார். பையன்களின் பேச்செல்லாம் குரூப் சாட்டுக்கு மாறிய பிறகும் அவர் ஃபோனில் அழைப்பதோடு நின்றார். அதனால் கடைசிச் சில வருடங்கள் வீட்டில் நடந்த சில சண்டைகள் அவர் காதுக்கு வந்தபோது ஆறிப்போயிருந்தன. அவருக்கு அடுத்து யார் என்ற கேள்வியை எப்போது எடுத்தாலும், "நான் இன்னும் செத்துப்போகலையே" என்று சிரித்து முடித்துவிடுவார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகுதான் ஆள் தேடவே ஆரம்பித்தோம். சாவிகள், இன்சூரன்ஸ் பத்திரம், தெளிப்பானைச் சோதிக்கிற கம்பெனியின் நம்பர், எல்லாம் அவர் தலைக்குள்ளும் காரின் டேஷ்போர்டு அறைக்குள்ளும் இருந்தன. ஒரு மனிதரை நம்பியே முப்பது வருடம் ஓடுகிற எந்த அமைப்புக்கும் இந்தக் கதி வரும். நம் ஊர்ப் பழைய மாணவர் சங்கங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேலையை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். கணக்குக்கு ஒரு பழைய மாணவர், படிப்புக்கு ஒரு பேராசிரியை, பாதுகாப்புக்கு ஒரு உறுப்பினரின் அம்மா. அவர் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். அட்வைஸர் அதே சங்கத்து ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த சிலரைச் சமாதானப்படுத்த ஒரு மாதம் ஆயிற்று. மூவரும் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது, போகும்போது அடுத்தவரைக் கூடவே ஒரு செமஸ்டர் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறோம். நர்ஸ் அம்மா வந்த முதல் திங்கட்கிழமையே மாடி அறைகளில் பொத்தானை அழுத்திப் பார்த்து, மூன்று கருவிகளில் பேட்டரி இல்லை என்று பெயரோடு எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். பையன்களுக்கு ஒரே ஆத்திரம், கோச் இப்படிப் பெயர் போட மாட்டாரே என்று. கணக்குக்கார நண்பர் என்னைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்றார். அந்த அம்மா செய்தது சரிதான், விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை மூன்றிலும் பேட்டரி இருந்ததாம்.